ஏரியில் படித்த நீச்சலும் நம்ம ஊர்த் தண்ணீரும்

செங்கோட்டை
மே 20

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் ஜூலை முதல் வாரம் நாலு பேருமாக வருகிறீர்கள் என்று தெரிந்ததில் இருந்து உங்கம்மா மொட்டை மாடியை விட்டு இறங்கவில்லை. வத்தலும் வடகமும் போட்டுக்கொண்டிருக்கிறாள். போனில் பேசினால் பேரன் நடுவில் புகுந்துவிடுவான், பாதி விஷயம் விட்டுப்போகும். மாப்பிள்ளையும் நிதானமாகப் படிக்க வேண்டிய விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். குண்டாறு அணையில் நீச்சல், பழைய குற்றாலம், பாலருவி, தென்மலைக் காடு, தேக்கடியில் படகு. எல்லா இடத்துக்கும் போவோம். ஆனால் எங்கே முழுகலாம், எங்கே கால் மட்டும் நனைக்கலாம், எங்கே கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பதில் மட்டும் என் பேச்சைக் கேட்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து ஓய்வு பெற்ற நாள் வரை அணையில் லஸ்கராக, அதாவது மதகும் நீர்மட்டமும் பார்க்கும் ஊழியனாக, இருந்தவன் நான். காலையில் எழுந்ததும் ஸ்கேலைப் பார்த்து நீர்மட்டம் குறித்துக் கொடுத்த கண் இது.

பேத்தி நீச்சலில் தேறியதை நீ எழுதியதில் இருந்து தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஆழத்தில் விழுந்து, மேலே வந்து, 200 மீட்டர் நீந்த வேண்டும், அதில் 50 மீட்டராவது மல்லாந்து நீந்த வேண்டும், அப்போதுதான் அந்த வட ஐரோப்பிய நாடுகளில் நீச்சல் தெரிந்தவர் என்று ஒத்துக்கொள்வார்கள் என்று எழுதியிருந்தாய். எவ்வளவு நல்ல கணக்கு! 1,88,000 ஏரி இருக்கிற பின்லாந்து நாட்டில் பிள்ளைக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்காமல் இருக்க முடியாதுதான். உங்கள் தாம்பெரே ஊரே இரண்டு ஏரிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது, வடக்கு ஏரி தெற்கு ஏரியைவிட 18 மீட்டர் உயரம், அந்த இறக்கத்தில் ஓடும் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள் என்று மாப்பிள்ளை சொன்னதும் எனக்கு அந்த ஊர் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

ஆனால் எம்மா, அவள் படித்தது ஏரித் தண்ணீரில். அது நிற்கிற தண்ணீர். இங்கே ஜூலையில் நீ பார்க்கப்போவது விழுகிற தண்ணீரும் ஓடுகிற தண்ணீரும். ஏரியில் கை ஓய்ந்தால் மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அருவிக்குக் கீழே உள்ள தடாகத்தில் அது நடக்காது. அங்கே தண்ணீரோடு காற்றுக் கலந்து நுரையாக இருக்கும். நுரைத் தண்ணீர் ஆளைத் தாங்காது. எவ்வளவு கை வீசினாலும் மிதப்பு கிடைக்காது. விழுகிற தண்ணீர் அடியில் போய்ச் சுழன்று திரும்ப அருவிப் பக்கமே இழுக்கும். பெரிய நீச்சல்காரர்கள் மாட்டிக்கொள்வதும் அங்கேதான்.

ஓடுகிற தண்ணீரில் இன்னொன்று. முட்டளவுதானே என்று எழுந்து நிற்கப் பார்ப்பார்கள். பாறை இடுக்கில் கால் சிக்கிக்கொண்டால் பின்னால் வரும் தண்ணீர் ஆளைக் கவிழ்த்துவிடும். இழுத்துக்கொண்டு போனால் நிற்கப் பார்க்கக் கூடாது. மல்லாந்துகொண்டு, கால் இரண்டையும் போகிற திசையில் மேலே தூக்கி வைத்துக்கொண்டு, மெல்ல மெல்லக் கரைப் பக்கம் ஒதுங்க வேண்டும். அவள் படித்த அந்த 50 மீட்டர் மல்லாந்த நீச்சல்தான் நம்ம ஊருக்கு வேண்டியது. புறப்படுவதற்கு முன் அதை இன்னும் நன்றாகப் பழக்கிவிடு.

இனி குற்றாலம். சாரல் நல்லபடியாக இருந்தால் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் கட்டாயம் போவோம். பெண்கள் பக்கம் தனி என்பதால் ஆச்சியும் நீயும் பேத்தியைக் கூட்டிக்கொள்ளுங்கள். பேரனை நானும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்கிறோம். பேரருவி உச்சியில் இருந்து நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்துதான் கீழே வருகிறது. அதனால்தான் ஆளால் அடியில் நிற்க முடிகிறது. இதைப் பேத்திக்கு நேரில் காட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. தண்ணீர் அருவியில் கட்டியிருக்கும் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழ ஆரம்பித்தால் போலீஸ்காரர் விசில் ஊதித் தடை போட்டுவிடுவார். அப்போது அவரிடம் போய் "தூரத்தில் இருந்து வந்திருக்கோம், அஞ்சு நிமிஷம்" என்று யாரும் கேட்கக் கூடாது. சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்கும் அருவியில் தடை.

பழைய குற்றாலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2024 மே 17, வெள்ளிக்கிழமை. சீசன்கூட இல்லை, கோடை மழை. மழை பெய்தது மேலே மலையில். கீழே குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் திடீரென்று காட்டாற்று வெள்ளம் இறங்கியது. படிக்கட்டு முழுக்க ஜனங்கள் தலைதெறிக்க ஓடியதை எல்லாரும் வீடியோவில் பார்த்தார்கள். 17 வயதுப் பையன் ஒருவனை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. உன் மகளைவிட ஏழு வயதுதான் மூத்தவன்.

நம் மலை மேற்கே சாய்ந்த பக்கத்தில் கேரளத்துக்கும் கிழக்கே நமக்கும் தண்ணீர் தருகிறது. மேகம் முகட்டில் முட்டிக்கொண்டு நிற்கும், கீழே வெயில் அடிக்கும். செங்குத்தான பாறை என்பதால் மேலே பெய்தது நிமிஷக் கணக்கில் கீழே வந்துவிடும். தலைக்கு மேல் உள்ள வானத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, முகட்டைப் பார்க்க வேண்டும். தெளிந்த தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினால், சருகும் குச்சியும் சேர்ந்து வந்தால், இரைச்சல் கனத்தால், மண் வாடை அடித்தால், செருப்பைத் தேடிக்கொண்டு நிற்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். பள்ளத்தை நோக்கி ஓடக் கூடாது.

குண்டாறு அணைக்கு வருகிறேன். 36.10 அடிதான் அதன் உயரம். மாவட்டத்தில் பெரும்பாலும் முதலில் நிரம்பி வழிவது அதுதான், மூன்று பக்கமும் மலை, அழகுக்குக் குறைவில்லை. போட்டோவில் பார்த்தால் உங்கள் ஊர் ஏரி மாதிரியே இருக்கும். அதனால்தான் நீ நீச்சல் என்று எழுதியிருக்கிறாய். அணை ஏரி இல்லை. ஏரியின் தரை ஆயிரக்கணக்கான வருஷமாக ஒழுங்குபட்டுக் கிடப்பது. அணையின் அடியில் பழைய ஓடையும், வெட்டிய மரத்தின் தூரும், வண்டல் படிந்த சகதியும் கிடக்கும். இடுப்பளவு நின்றவன் அடுத்த எட்டில் ஆள் ஆழத்தில் இருப்பான். கரையில் அடுக்கிய கல்லில் பாசி பிடித்திருக்கும், இறங்குவது சுலபம், ஏறப் பிடி கிடைக்காது. மதகு திறந்திருந்தால் மேலே அலைகூட இருக்காது, அடியில் இழுப்பு இருக்கும். அங்கே நாம் கரையில் உட்கார்ந்து உங்கம்மா கட்டித்தரும் புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு வருவோம்.

குளங்களும் அப்படித்தான். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்த குளம் இல்லை இப்போது. கரம்பை மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் எங்கே கிடக்கிறது என்று உள்ளூர்க்காரனுக்கே தெரியாது. தாமரைக் கொடி வேறு காலைச் சுற்றும்.

மாப்பிள்ளையிடம் இதைச் சொல்: யாராவது தத்தளித்தால் பின்னாலேயே குதிக்கக் கூடாது. வேட்டி, சேலை, துண்டு, கயிறு, காலி குடம், எது கையில் இருக்கிறதோ அதை வீச வேண்டும். 2023 அக்டோபரில் வால்பாறைப் பக்கம் ஆற்றில் ஐந்து கல்லூரி மாணவர்கள் ஒரே நேரத்தில் போனார்கள். ஐந்து வீட்டிலும் பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

கேரளத்துப் பக்கம் இன்னொரு கவலை. 2024லும் 2025லும் அங்கே மூளையைத் தாக்கும் அமீபாக் காய்ச்சல் பலரைப் பாதித்தது, குழந்தைகளும் இறந்தார்கள். தேங்கி நிற்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் அந்தக் கிருமி இருக்கும். குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கு வழியாக ஏறினால்தான் ஆபத்து. அதனால் வழியில் கோயில் குளம், கல்வெட்டான் குழி என்று எது கண்ணில் பட்டாலும் பிள்ளைகள் குதிக்கக் கூடாது. மூக்கில் மாட்டும் கிளிப் அங்கே கடையில் கிடைக்கும்தானே? இரண்டு பேருக்கும் வாங்கிக்கொண்டு வா.

பாலருவிக்கு ஒரு நாள். புளியரை தாண்டி, எஸ் வளைவு ஏறி, கோட்டைவாசல் கடந்தால் ஆரியங்காவு. கேட்டில் இருந்து வனத்துறை வண்டியிலேயே காட்டுக்குள் கூட்டிப்போவார்கள். சுமார் 300 அடி உயரத்தில் இருந்து பால் மாதிரி விழும். பக்கத்தில் திருவிதாங்கூர் ராஜாக்கள் காலத்துக் கல் மண்டபம் இருக்கிறது. நம் செங்கோட்டையும் முதலில் அந்த ராஜ்ஜியத்திலும், பிறகு 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்த ஊர்தானே, பேத்திக்கு நீயே சொல். தண்ணீர் அதிகமானால் அங்கேயும் அடைத்துவிடுவார்கள்.

தென்மலையில் கல்லடை ஆற்று அணைக்குப் பின்னால் செந்துருணிக் காடு. 1984ல் சரணாலயம் ஆக்கினார்கள். செங்குறிஞ்சி என்ற மரத்தால் வந்த பெயர். நம் தெற்கு மலையைத் தவிர வேறெங்கும் அந்த மரம் இல்லை. உங்கள் நாட்டில் யாருடைய காடானாலும் யாரும் போய் நடக்கலாம், பழம் பறிக்கலாம், ஏரியில் இறங்கலாம், அது எல்லாருக்கும் உள்ள உரிமை என்று சொன்னாய். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. இங்கே அப்படிச் சுற்ற முடியாததற்குக் காரணம் இருக்கிறது. ஆனையும் புலியும் கரடியும் உள்ள காடு. வடகரை, மேக்கரைப் பக்கம் ஆனை தோப்புக்குள்ளேயே வந்துபோகிறது. அதைவிட, குண்டாறும் சிற்றாறும் அனுமன் நதியும் நம் மலைக் காடு பிடித்து வைத்திருக்கிற மழைதான். வனத்துறை ஆள் கூட இல்லாமல் ஒரு எட்டும் உள்ளே வைக்க வேண்டாம். மழையில் அட்டை ஏறும். நீளமான காலுறை எடுத்து வா, உப்பு நான் வைத்திருக்கிறேன். சில தனியார் இடங்களில் ஓடையைத் திருப்பிச் செயற்கை அருவி கட்டி டிக்கெட் போட்டிருந்தார்கள். 2022ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவற்றின் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. யார் கூப்பிட்டாலும் அந்த மாதிரி இடத்துக்கு நம் குடும்பம் போகாது.

தேக்கடிக்குப் போனால் படகில் லைஃப் ஜாக்கெட்டைக் கட்டின பிறகுதான் உட்கார வேண்டும், இறங்கும் வரை கழற்றக் கூடாது. கரையில் மான் தெரிந்தாலும் ஆனை தெரிந்தாலும் எழுந்து ஒரு பக்கம் ஓடக் கூடாது. 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, அப்பா எதற்கும் விடமாட்டார் என்று நினைத்துவிடாதே. பிள்ளைகள் ஆசை தீர நீந்துவதற்கு ஏற்பாடு செய்துவிட்டேன். சித்தப்பா தோட்டத்துக் கிணறு இருக்கிறதே, நீ வாழைத்தண்டைக் கட்டிக்கொண்டு பழகினது, அதேதான். இந்த மாதமே இறைத்துத் தூர்வாரச் சொல்லிவிட்டேன். கண்ணாடி பாட்டிலும் முள்ளும் அள்ளி வெளியே போட்டாகிவிட்டது. பெயர்ந்த படி இரண்டையும் சிமெண்ட் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மழை விழுந்து ஊற்று ஏறினதும் பிளீச்சிங் பவுடர் போட்டு, தினமும் மோட்டார் ஓட்டி வயலுக்குப் பாய்ச்சினால் தண்ணீர் தேங்காது. ஆனாலும் மூக்குக் கிளிப் அங்கேயும் உண்டு. மேலே கயிறு பிடிக்க நானும் சித்தப்பாவும் இருப்போம், மாப்பிள்ளை தண்ணீருக்குள் இருக்கட்டும்.

மூன்றாம் படியில் இருந்து குதிப்பது எப்படி, அடிமண்ணை அள்ளிக்கொண்டு மேலே வருவது எப்படி என்று பேத்திக்கு நான் காட்ட வேண்டும். அவள் ஏரியில் கற்ற மல்லாந்த நீச்சலை எனக்குக் காட்டட்டும். பேரனுக்கு இந்தத் தடவை பம்புசெட் தொட்டி போதும். குழாயில் இருந்து கொட்டுகிற தண்ணீரில் உட்கார்ந்தால் அவன் எழுந்து வரவே மாட்டான். நீயும் இறங்க வேண்டும் எம்மா. கல்யாணத்துக்குப் பிறகு நீ அந்தக் கிணற்றில் இறங்கவே இல்லை. யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று யோசிக்காதே. தோட்டம் நம்முடையது. நீந்துவதற்கு ஏற்ற உடுப்பை எடுத்துக்கொண்டு வா, சேலையோடும் துப்பட்டாவோடும் தண்ணீரில் இறங்கக் கூடாது.

திருவனந்தபுரத்தில் இறங்குகிற மாதிரி டிக்கெட் போட்டால் நல்லது. அங்கிருந்து கொல்லம் வந்து, செங்கோட்டை ரயிலைப் பகலில் பிடியுங்கள். தென்மலை தாண்டிப் பதிமூன்று கண் பாலத்தில் வரும்போது பேரனை ஜன்னல் பக்கம் உட்கார வை. எந்த நாள், எந்த ரயில் என்று தெரிந்ததும் உடனே சொல். பிள்ளைகளின் கால் அளவும் எழுதி அனுப்பு. பாறையில் வழுக்காத ரப்பர் செருப்பைத் தென்காசியில் வாங்கி வைக்கிறேன்.

ஆசிகளுடன்,
அப்பா