பயணக் குறிப்புகளை வாயால் சொல்லியே எழுதலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் சிங்கப்பூரிலிருந்து தமிழகத்துக்கும் இலங்கைக்கும் புறப்படும் நம் குடும்பங்கள், திரும்பும்போது திறன்பேசி நிறையப் படங்களைக் கொண்டுவருகின்றனவே தவிர, எழுதிவைத்த குறிப்பு ஒரு பக்கம்கூடப் பெரும்பாலும் இருப்பதில்லை. தமிழில் தட்டெழுதப் பொறுமையில்லை என்று மூத்தோர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால், கூகல் நிறுவனம் 2017ஆம் ஆண்டிலேயே தன் குரல்வழித் தட்டச்சில் தமிழைச் சேர்த்துவிட்டது என்பதும், விசைப்பலகையில் உள்ள ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுப் பேசினால் சொற்கள் எழுத்தாக விழும் என்பதும் அவர்களில் பலருக்குத் தெரியவில்லை.

கும்பகோணத்தில் தங்கியிருந்தபோது என் மாமியார், விடுதி அறையின் மின்விசிறியை நிறுத்திவிட்டு, அன்று பார்த்த தாராசுரம் கோயிலின் தேர் வடிவ மண்டபத்தையும், அதன் கல் சக்கரத்தைத் தடவிப் பார்த்ததையும், வாசலில் பூ விற்ற பெண் ஊர் விசாரித்ததையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லச் சொல்ல, இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது. ஓடும் பேருந்தில் செய்த முயற்சி இரைச்சலில் வீணாயிற்று.

குறைகள் இல்லாமல் இல்லை. எழுத்துத் தமிழில் சொன்னால் பெரும்பாலும் சரியாக விழுவது, பேச்சுவழக்கில் சொன்னால் தடுமாறுகிறது, ஊர்ப்பெயர்கள் சிதைகின்றன, ஒற்றெழுத்துகள் விடுபடுகின்றன. ஆகவே, நினைவு பசுமையாக இருக்கும் அன்றிரவே படித்துத் திருத்திவிட வேண்டும். அதைவிட முக்கியமாக, பேச்சைத் தனியே ஒலிப்பதிவும் செய்துவைக்க வேண்டும் என்பேன். எழுத்தில் வராத சிரிப்பும் வட்டார வழக்கும் அதில்தான் இருக்கும். பேரப்பிள்ளைகளுக்கு அதுவே பெரிய சொத்து. இணையம் கிடைக்காத ஊரில் பதிவை மட்டும் செய்துகொண்டு, வீடு திரும்பியபின் எழுத்தாக்கலாம். செயற்கை நுண்ணறிவு நிறுவனமான ஓப்பன்ஏஐ 2022இல் வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற மென்பொருள் தமிழ்ப் பதிவுகளையும் ஏற்கிறது. சொந்தக் கணினியிலேயே இயங்கக்கூடியது என்பதால், குடும்பப் பேச்சு வெளியே போகுமோ என்று அஞ்சவும் தேவையில்லை.

சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் மூத்தோருக்கு உதவும் மின்னிலக்கத் தூதர்கள், கட்டணம் செலுத்தவும் குறுஞ்செய்தி அனுப்பவும் கற்றுத்தருவதோடு தமிழ்க் குரல்வழித் தட்டச்சையும் கற்றுத்தர வேண்டுமென வேண்டுகிறேன். ஏப்ரலில் நடைபெறும் தமிழ்மொழி விழாவில் இதற்கென ஒரு பயிலரங்கு வைத்தால், ஜூன் விடுமுறைப் பயணத்துக்கு முன்பே பலர் பழகிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அங் மோ கியோ