மனமும் இல்லை, மனிதனும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாத ஞாயிறு இணைப்பில் 'மன அழுத்தமே ரத்தக்கொதிப்புக்கு மூலம்: விஞ்ஞானி கண்டுபிடிப்பு' என்று பெரிசாகத் தலைப்பு போட்டிருந்தீர்கள். அந்த விஞ்ஞானி ஆராய்ந்தது மன அழுத்தத்தையே இல்லை, ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை. அது செல்லுக்குள் நடக்கிற ரசாயனச் சங்கதி. உங்கள் மொழிபெயர்ப்பாளருக்கு 'ஸ்ட்ரெஸ்' என்றாலே மனசுதான் போலிருக்கிறது. இரும்பு தாங்குகிற பாரத்துக்கும் இன்ஜினியர்கள் 'ஸ்ட்ரெஸ்' என்பார்கள்; நல்லவேளை, பாலம் கட்டுகிற இன்ஜினியரின் பேட்டி எதுவும் அவர் கையில் சிக்கவில்லை, இரும்புத் தூணைத் தியானம் பண்ணச் சொல்லியிருப்பார்.

ரத்தக்குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்துதான் குழாயைத் தளர்த்துகிறது, இதைக் கண்டறிந்த மூன்று பேருக்கு 1998-ல் நோபல் கொடுத்தார்கள், உங்களுக்குத் தெரியாததா. ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்றால் சூப்பர் ஆக்சைடு மாதிரியான, எதையும் சட்டென்று தாக்குகிற ஆக்சிஜன் வகைகள் பெருகிவிடுவது. சூப்பர் ஆக்சைடு அளவுக்கு மீறிப் பெருகினால் அந்த நைட்ரிக் ஆக்சைடைத் தீர்த்துக்கட்டிவிடும், குழாய் இறுகும், பிரஷர் ஏறும். அவ்வளவுதான் விஷயம், இதில் மனசு எங்கே வந்தது? சரி, மனிதனாவது வந்தானா என்று பார்த்தால், கடைசிப் பத்தியில் விளம்பரத்துக்குச் சற்று மேலே 'எலிகளில்' என்று ஒரே ஒரு வார்த்தை.

இதையெல்லாம்கூடச் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். பக்கத்திலேயே ஒரு பெட்டிச் செய்தி: 'ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை இருக்க, ஆயுள் முழுக்க பிரஷர் மாத்திரை எதற்கு?' (ஆன்டி ஆக்சிடன்ட் என்றால் அந்த ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிற வைட்டமின் ஈ மாதிரிச் சரக்கு.) யார் எழுதியதோ, பெயர்கூட இல்லை. என் அண்ணன் அதை வெட்டி எடுத்து பிரஷர் மெஷின் உறைக்குள் பத்திரப்படுத்திவிட்டார். மூன்று வாரம் கழித்து, பிடரி வலிக்கிறது என்றார், போய்ப் பார்த்தால் அவருடைய பிரஷர் மாத்திரை ராமிப்ரில் அட்டை இரண்டு பிரிக்காமல் கிடக்கிறது, பக்கத்தில் பாதி காலியான வைட்டமின் ஈ டப்பா. அளந்தேன், 188/106. மெஷின் பழசு என்றார். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரவைத்து, கையை மேஜைமேல் வைத்து, பேசவே கூடாது என்று சொல்லி (அவருக்கு அதுதான் பெரிய தண்டனை) மறுபடி எடுத்தேன், 184/104. அப்புறம் டாக்டரிடம் போய் இரண்டு பேரும் சேர்ந்து திட்டு வாங்கினோம்.

வைட்டமின் ஈ-யை ஏற்கெனவே மனிதர்களிடம் சோதித்தாயிற்று ஐயா. 2000-ல் வெளியான ஹோப் ஆய்வில் 9,500 பேருக்கு மேல், நாலரை வருடம். மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. 2002-ல் பிரிட்டனில் 20,536 பேருக்கு ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள், அதிலும் பலன் பூஜ்யம். வேடிக்கை என்னவென்றால், அதே ஹோப் ஆய்வில் ராமிப்ரிலும் கொடுத்தார்கள், மாரடைப்பு, பக்கவாதம் இரண்டையும் குறைத்தது அதுதான். ரத்தக்குழாய்ச் சுவரில் சூப்பர் ஆக்சைடை உண்டாக்குகிற நொதியைத் தூண்டிவிடுவது ஆஞ்சியோடென்சின் 2 என்கிற, உடம்பிலேயே ஊறும் ஹார்மோன், அந்த ஆஞ்சியோடென்சின் 2 உருவாவதையே குறைக்கிற மருந்து ராமிப்ரில். ஆக, உங்கள் விஞ்ஞானி பேசுகிற கோளாறின் ஊற்றுக்கண்ணில் கை வைக்கிற மாத்திரையைத்தான் அண்ணன் ஒதுக்கி வைத்தார், அந்த விஞ்ஞானியின் பெயரைச் சொல்லியே!

இது முதல் தடவையும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் கேள்வி-பதில் பகுதியில் 'வயதோடு நூறைக் கூட்டினால் வருவதே சரியான பிரஷர்' என்று தப்பாக வந்தது. எழுதினேன், பதிலே இல்லை. சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி அளக்கிற படத்தை எத்தனை தடவைதான் போடுவீர்கள்? அதற்கும் எழுதினேன். குறுக்கெழுத்தில் ஒரு கட்டம் தப்பு என்று எழுதியபோது மட்டும் மறுவாரமே பிரசுரம், என் முதலெழுத்தைத் தப்பாகப் போட்டு.

இப்போது கேட்பது ஒன்றே ஒன்று. அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள்: அது மன அழுத்தம் இல்லை, ஆய்வு எலிகளில் நடந்தது, டாக்டரைக் கேட்காமல் பிரஷர் மாத்திரையை நிறுத்தக் கூடாது. நான் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அண்ணனுக்கு அச்சில் வந்தால்தான் உண்மை. அந்தப் பெட்டிச் செய்தியை இன்னும் தூக்கிப்போட விடமாட்டேன் என்கிறார், அதன் மேலேயே ஒட்டிவிடலாம் என்றிருக்கிறேன். அதனால் அதே அளவில் வந்தால் சௌகரியம்.

இப்படிக்கு,
22 வருடச் சந்தாதாரர்