தொலைஞ்ச புத்தகத்துக்கு எங்ககிட்ட காசு கேக்காதீங்க: பள்ளிக்கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

சி.இ.ஓ (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸ்ல இருக்கிற ஐயா, அம்மா எல்லாருக்கும், கூடவே நம்ம ஹெச்.எம்.களுக்கும் வணக்கம்.

நான் ஒரு அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில தமிழ் வாத்தியார், லைப்ரரியும் என் தலையில தான். தனியா நூலகர்னு எங்களுக்கு யாரு இருக்கா, யாராவது ஒரு டீச்சர் கையில சாவியைக் குடுத்து "நூலகப் பொறுப்பு"ன்னு எழுதிடுவாங்க, அவ்ளோ தான். அந்த சாவியைப் பத்தி தான் இந்த மடல்.

எனக்கு முன்னாடி பொறுப்புல இருந்த சார் சாவியைக் குடுக்கும்போதே சொன்னாரு, "தம்பி பீரோவைத் திறக்காத, ஸ்டாக் கொறஞ்சா கைக்காசு தான் கட்டணும்"னு. அவர் ஒண்ணும் கெட்டவர் இல்ல, பயம். ஒவ்வொரு மீட்டிங்லயும் பசங்க படிக்க மாட்டேங்கிறானுங்க எப்பப்பாரு போனுதான்னு பொலம்புறோமே, அந்தப் பூட்டைப் பத்தி ஒருத்தராவது வாயத் திறந்தோமா?

சரி, நான் திறந்துட்டேன். மொத ரெண்டு மாசம் ஒருத்தனும் எட்டிப் பாக்கல. அப்புறம் சனிக்கிழமை மெக்கானிக் கடைக்குப் போற ஒரு ஒன்பதாவது பையன் வந்து "சார், இன்ஜின் படம் போட்ட புக்கு இருக்கா"ன்னு கேட்டான். இல்ல. பழைய பேப்பர் கடையில எடைக்கு பைக் பத்திரிகை, கிரிக்கெட் பத்திரிகை வாங்கிட்டு வந்து டேபிள்ல சும்மா பரப்பி வெச்சேன், மறுவாரம் பெஞ்சுல இடம் இல்ல. வாசிப்பு இயக்கம்னு நீங்க அனுப்புனீங்களே வாசிக்கிற திறனுக்கு ஏத்த மாதிரி நுழை, நட, ஓடு, பறன்னு பிரிச்சு சின்னச் சின்ன புத்தகம், அதுக்கு உண்மையாவே நன்றிங்க. ஆனா மீசை மொளைக்கிற பையன் ரொம்ப சுலபமான "நுழை" புத்தகத்தை கையில எடுக்க எவ்ளோ கூச்சப்படுறான் தெரியுமா, ஒருத்தன் பெரிய புத்தகத்துக்கு அடியில மறைச்சு எடுத்துட்டு வந்து "தம்பிக்கு சார்"ங்கிறான். அவனுக்கு தம்பியே கிடையாது. நானும் ஒண்ணும் கேக்காம எழுதிக் குடுத்துட்டேன். திருப்பிக் குடுக்கும்போதும் கதை என்ன, கருத்து என்னன்னு கேக்குறதில்ல, கேட்டா அடுத்த தடவை வரமாட்டானுங்க.

ஆகஸ்ட் 12 ஆனா இந்திய நூலகவியலின் தந்தைன்னு சொல்ற சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன் படத்துக்கு மாலை போடுறோம். மனுஷன் நூலகத்துக்கு அஞ்சு விதின்னு 1931லயே ஒரு புத்தகம் எழுதிட்டாரு, புத்தகம்னா பயன்படுத்தத் தான், அதான் முதல் விதி. ஒரு காலத்துல புத்தகத்தை சங்கிலி போட்டு கட்டி வெச்சிருந்த கதையும் அதுலயே சொல்லுவாரு. நாம சங்கிலிக்கு பதிலா பூட்டு போட்டிருக்கோம். (அவரும் 1924ல நூலகர் ஆகுறதுக்கு முன்னாடி பிரசிடென்சி காலேஜ்ல கணக்கு வாத்தியார் தான், எங்க ஸ்கூல்ல லைப்ரரி பீரியடை ஸ்லிப் டெஸ்ட்டுக்கு கேக்குறதும் கணக்கு வாத்தியார் தான்.)

மத்திய அரசோட பொது நிதி விதிகள் 2017ல விதி 215 எடுத்துப் பாருங்க. வருஷத்துக்கு ஆயிரம் புத்தகம் வெளிய போச்சுன்னா அஞ்சு தொலையுறது சகஜம், நேர்மைக்கேடோ அலட்சியமோ இல்லேன்னா போதும்னு இருக்கு, ஆயிரம் ரூவாய்க்கு மேல உள்ளதையும் அரிய புத்தகத்தையும் மட்டும் கண்டிப்பா விசாரிக்கணும். அது நமக்குப் பொருந்தாது, மாநிலம் வேறன்னு சொல்வீங்க, தெரியும். அதே மாதிரி ஒரு வரி நமக்கும் எழுத்துல போட்டுக் குடுங்க, அது தான் நான் கேக்குறது. போன வருஷம் என் ரிஜிஸ்டர்ல 640 தடவை புத்தகம் வெளிய போயிருக்கு, 11 திரும்பல. அந்த விதிப்படி பாத்தா மூணு தான் தேறும், மீதி எட்டுக்கு நான் மாட்டுவேன், அதனால ஆம்பளப் பசங்க ஸ்கூலுக்கு அஞ்சுன்னு இல்லாம இருபதுன்னு போடுங்க.

அப்புறம் அந்த 11ல ஒண்ணு போன வாரம் வந்துடுச்சு. அட்டை இல்ல, நடுப்பக்கத்துல கிரீஸ் கறை, உள்ள ரெண்டு பேரு பேர் எழுதி வெச்சிருக்கானுங்க, ரெண்டு பேருமே எங்க ஸ்கூல் பசங்க இல்ல. ரிஜிஸ்டர்ல "சேதம்"னு எழுதணுமாம். எழுதவா?

இப்படிக்கு,
சாவி வெச்சிருக்கிற தமிழ் வாத்தியார்