ஆண்டு விழாப் பாட்டு: வீட்டில் பழக்க வேண்டியது

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆண்டு விழாவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் குயீன் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழுவின் ‘வீ வில் ராக் யூ’ பாடுகிறார்கள். டிரம்ஸ் வாடகைக்கு எடுத்துத் தரலாமா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்தப் பாட்டில் டிரம்ஸே கிடையாது. காலும் கையும் குரலும்தான், கடைசியில் மட்டும் கிட்டார்.

1977இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டில் குயீனின் கச்சேரி முடிந்தும் கூட்டம் கலையாமல் தானாகவே பாடிக்கொண்டிருந்தது. நெருக்கியடித்து நிற்பவர்களால் வேறென்ன செய்ய முடியும் என்று அக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே யோசித்ததில் பிறந்த பாட்டு இது. லண்டன் வெஸ்ஸெக்ஸ் ஸ்டுடியோவில் பலகை மேல் மிதித்துப் பலமுறை பதிவு செய்தார்கள். இயற்பியல் படித்த மே, அவற்றை வெவ்வேறு தாமதத்தில் அடுக்கினார். பகா எண்களை வைத்துத் தாமதங்களைக் கணக்கிட்டதால் எதிரொலி போலக் கேட்காமல் பெருங்கூட்டம் மிதிப்பதுபோல் கேட்கிறது. எவ்வளவு அழகான கணக்கு! பாடிய பிரெட்டி மெர்குரி நம் நாட்டுப் பாஞ்ச்கனியில் விடுதியில் தங்கிப் படித்தவர். சிறுவன், இளைஞன், முதியவர் என மூன்று சரணம். இன்றும் விளையாட்டு அரங்குகளில் யாரும் சொல்லித்தராமலே கூட்டம் இதைத் தட்டுகிறது.

பிள்ளைகள் திணறுவது ஒரே இடத்தில்தான். ‘த-க-தி-மி’ என்று சொல்லச் சொல்லுங்கள். ‘த’, ‘க’ இரண்டுக்கும் மிதி, ‘தி’க்குக் கைத்தட்டு, ‘மி’யில் அசையக் கூடாது. அந்த ‘மி’யை விழுங்கிவிடுவதால்தான் வேகம் ஏறி, இரண்டாம் சரணத்தில் பாடுபவருக்கு மூச்சு வாங்குகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை விநாடி. கைப்பேசியில் மெட்ரோனோமை (சீராகத் தட்டித் தாளம் காட்டும் செயலி) நிமிடத்துக்கு 81 தட்டு என்று வைத்தால் ‘த’வும் ‘தி’யும் அதன் தட்டில் விழும். தினமும் ஐந்து நிமிடம் போதும்.

பின்வரிசைப் பிள்ளைகள் காதை நம்பக் கூடாது. 34 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒலி 0.1 விநாடி பிந்தியே வரும். அதைக் கேட்டுத் தட்டினால் தாளம் இரண்டாகப் பிளந்துவிடும். மேடை முன் நிற்கும் ஆசிரியரின் கையைத்தான் பார்க்க வேண்டும்.

சிமென்ட் தரையில் வெறுங்காலோடு மிதிக்க விடாதீர்கள், குதிகால் வலிக்கும். ஷூ போட்டு, முழங்காலைச் சற்று மடக்கி, முழுப் பாதமும் படும்படி மிதிக்கட்டும். மேடையில் பலகை போடுகிறோம். கையைச் சற்றுக் குழித்துத் தட்டினால் கனமான சத்தம் வரும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்