கேமரா வாசலைப் பார்க்கட்டும்

அன்புள்ள பூங்கொடி,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வைஃபை கேமராக்களை எல்லாம் பார்த்துவிட்டேன் அம்மாடி. விலை குறைவு, நாமே மாட்டிக்கொள்ளலாம், மெல்போர்னில் இருந்தபடியே நீ போனில் பார்க்கலாம், எல்லாம் சரிதான். ஆனாலும் அது வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே நீ பேச ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன தையில் எதிர்வீட்டில் திருட்டுப் போனது உனக்குத் தெரியும். அவர்கள் வாசலிலும் இப்படி ஒரு கேமரா இருந்தது. வந்தவன் அதைக் கையோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். பதிவானது எல்லாம் அதற்குள் இருந்த மெமரி கார்டில்தான், அதுவும் அவனோடு போய்விட்டது. காலையில் நான் போனபோது சுவரில் இரண்டு ஸ்க்ரூவும் தொங்குகிற ஒரு வெள்ளை வயரும்தான் மிச்சம். இன்னும் அந்த வயர் கண்ணிலேயே நிற்கிறது. கிளவுடில் சேமிக்கலாமே என்பாய். அதற்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும், நெட்டும் வேண்டும், நம் தெருவில் பெரிய மழை வந்தால் முதலில் போவதே நெட்தான்.

அதனால் வயர் இழுத்து மாட்டுகிற நாலு கேமராவும், அவை எடுப்பதைப் பதிவு செய்து வைக்கிற டி.வி.ஆர். பெட்டி ஒன்றும் வாங்குகிறேன். பெட்டி பீரோ அறைப் பரணில் இருக்கும், யார் கண்ணுக்கும் படாது. கரண்ட் போனாலும் ஓடட்டும் என்று யு.பி.எஸ். லைனில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கடைக்காரர் 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் போதும் என்றார். நான் கணக்குப் போட்டேன்: ஒரு கேமராவுக்கு வினாடிக்கு 2 மெகாபிட் என்றால் ஒரு நாளைக்கு 21 ஜி.பி.க்கு மேல், நாலுக்கும் சேர்த்து 86. பதினோரு நாளில் நிரம்பி, பழையதன் மேலேயே எழுத ஆரம்பித்துவிடும். உன் அண்ணன் வீட்டுக்குப் போனால் நாங்கள் இருபது நாள் தங்குகிறவர்கள், திரும்பி வந்து பார்த்தால் முதல் வாரம் இருக்காது. 2 டி.பி.யே போடச் சொன்னேன், அதுவும் கேமராவுக்கென்றே வருகிற டிஸ்க்.

இன்னொன்று, நம் வீடு கிழக்குப் பார்த்தது. காலையில் கேட்டில் யார் நின்றாலும் முதுகுக்குப் பின்னால் சூரியன். மாட்டுகிற தம்பி ஒரு சாதாரண கேமராவை வைத்துக் காட்டினார், பால்காரர் முகம் கரிக்கட்டையாகத் தெரிந்தது. பின்னால் வெளிச்சம் இருந்தாலும் முகத்தைத் தெளிவாகக் காட்டுகிற டபிள்யூ.டி.ஆர். வசதி உள்ள கேமராவை அதே இடத்தில் வைத்ததும் மீசை வரை தெரிந்தது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டலாம் என்றார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கிருந்து உச்சந்தலைதான் தெரியும், முகம் தெரியாது. ஒன்பது அடி உயரம் போதும். படத்தில் எதிர்வீட்டு ஜன்னல் விழுகிற இடத்தை மறைத்து வைக்கவும் சொல்லிவிட்டேன், அது அவர்கள் வீடு.

பாஸ்வேர்டு விஷயத்தில் நீ சொன்னது சரி. 2016-இல் மிராய் என்ற வைரஸ் மாதிரியான புரோகிராம் ஒன்று, கம்பெனி பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் லட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டது என்று படித்தேன். மாட்டிய அன்றே நீயும் நானும் போனில் பேசிக்கொண்டே மாற்றிவிடலாம்.

ஹாலில் ஒன்று வேண்டும் என்றாயே, அது மட்டும் வேண்டாம்மா. அம்மா விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில்தான் கேட்கிறாய், தெரியும். ஆனால் ஹாலில்தான் அவள் தலை விரித்துக் கோதுகிறாள், முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாள். "அப்பவும் யாராவது பார்த்துக்கிட்டே இருப்பாங்களா?" என்று கேட்டாள், எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவள் வழுக்குவது பாத்ரூமில்தான், அங்கே கேமரா வைக்கவா முடியும்? அந்தப் பணத்தில் பாத்ரூம் சுவரில் இரண்டு கைப்பிடிக் கம்பியும் வழுக்காத தரையும் போடுகிறேன். மேஸ்திரியிடம் பேசியாகிவிட்டது.

வியாழக்கிழமை வேலை. முடிந்ததும் வாசல் கேமராவை உன் போனில் சேர்த்துவிடுகிறேன். இங்கே காலை ஆறு மணிக்கு அம்மா கோலம் போடுவாள், உனக்கு அப்போது பத்தரை. அதை நீ பார்ப்பதில் அவளுக்குச் சம்மதம்தான், கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
அப்பா