மூன்று செவிலியரால் 24 மணி நேரம் நிரம்பாது: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் நிதித் துறைக்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்:
செயலாளர், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை, தமிழ்நாடு அரசு
செயலாளர், நிதித் துறை, தமிழ்நாடு அரசு
தலைவர், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்

வணக்கம்.

அரசு மருத்துவமனைகளில் ஆள் போதவில்லை என்று கேள்வி எழும்போதெல்லாம் பதிலாக ஓர் எண் வருகிறது: ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள் இத்தனை, நிரப்பியவை இத்தனை. அந்த எண் சரியாகவே இருக்கலாம். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அந்தப் பிரசவ அறையில் யார் இருப்பார், அறுவை அரங்கைத் திறக்க முடியுமா என்பதை அது சொல்லாது. திட்டமிடலின் அலகே தவறாக இருக்கிறது என்பதுதான் எங்கள் முறையீடு.

முதலில் செவிலியர் கணக்கு. நாளுக்கு மூன்று ஷிப்ட், ஆகவே 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று செவிலியர் என்று நெடுநாளாகக் கணக்குப் போட்டு வந்திருக்கிறோம். ஆண்டுக்கு 365 நாள், நாளுக்கு 3 ஷிப்ட் என்றால் 1,095 ஷிப்ட். ஒருவர் எத்தனை ஷிப்ட் பார்க்க முடியும்? வார ஓய்வு 52, தற்செயல் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 30, அரசு விடுமுறை நாளில் வேலை பார்த்ததற்கான ஈடுசெய் விடுப்பு சுமார் 20, பயிற்சிக்கு ஒரு 5 நாள். இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 246. மூவரும் காய்ச்சல் என்று ஒருநாள்கூடப் படுக்காமல் வந்தாலும் 738 ஷிப்ட்தான். மீதி 357 ஷிப்டுக்கு ஆளே கிடையாது. 1,095-ஐ 246-ஆல் வகுத்தால் 4.45 வருகிறது. இந்தியச் செவிலியர் மன்றம் சொல்லும் 30 சதவீத விடுப்பு இருப்பை (விடுப்பில் போவோருக்கு மாற்றாக வைக்கும் கூடுதல் பணியிடங்களை) வைத்துப் பார்த்தாலும் விடை ஏறத்தாழ அதேதான்: வாரத்துக்கு 21 ஷிப்ட், ஒருவருக்கு 6 என்றால் 3.5 பேர், 30 சதவீதம் சேர்த்தால் 4.55.

இந்த 357 ஷிப்டும் எப்படியோ நிரம்பிவிடுகின்றன. வார ஓய்வு பறிபோகிறது. எட்டு மணி நேரம் பன்னிரண்டு ஆகிறது. ஒருவர் விடுப்பில் போனால் வாரத்தின் 168 மணி நேரத்தை இருவர் பங்கிட வேண்டும். ஆளுக்கு 84 மணி நேரம். வருகைப் பதிவேட்டில் எல்லாம் ஒழுங்காகத் தெரிவதால் மேலிடத்துக்கு இது எட்டுவதே இல்லை.

பிரசவ அறையில் இதற்கு என்ன பொருள் என்று பாருங்கள். குழந்தை பிறந்த முதல் இரண்டு மணி நேரம் தாயின் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், கருப்பையின் இறுக்கம், உதிரப்போக்கு ஆகியவற்றைக் கால்மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பக்கத்துக் கட்டிலில் வலியில் இருப்பவருக்குச் சிசுவின் இதயத்துடிப்பை முதல் கட்டத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும், முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும் கேட்க வேண்டும். இரவில் இருப்பது ஒரே செவிலியர். இரண்டாவது பெண் முக்கத் தொடங்கியதும் முதல் தாயின் உதிரப்போக்கைப் பார்க்க ஆளில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கு காத்திருக்காது. பிறகு நடக்கும் மகப்பேறு மரணத் தணிக்கையில் 'தாமதமான பரிந்துரை', அதாவது பெரிய மருத்துவமனைக்கு அனுப்பத் தாமதம், என்று எழுதப்படுகிறது. அந்த இரவின் ஷிப்ட் பட்டியலையும் தணிக்கைக் கோப்பில் கட்டாயம் இணைக்க வேண்டும்.

2021 ஜூலை 1 முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். நல்ல முடிவு, குறையக் கூடாது. ஆனால் பெண்களே மிகுதியாக உள்ள பணியில் ஓராண்டு விடுப்பைத் தந்துவிட்டு, அந்த ஓராண்டுக்கான மாற்று ஆளை ஒப்பளிக்காமல் விட்டால், விடுப்பின் விலையை அரசு செலுத்தவில்லை. மிச்சமிருக்கும் இரு செவிலியர் செலுத்துகிறார்கள். கருவுற்றிருக்கும் பணியாளர்கள் மீது சக பணியாளர்களுக்கே மனக்கசப்பு வரும் நிலையை நாம் உருவாக்கி வைத்திருக்கிறோம். விடுப்பு எப்போது தொடங்கும் என்பது பல மாதம் முன்பே தெரிந்த செய்தி. மாற்று ஆளை ஏற்பாடு செய்ய நேரம் தாராளமாக இருக்கிறது.

அடுத்தது குழு. சீமாங்க் மையத்தில், அதாவது அவசர மகப்பேறு மற்றும் பச்சிளங்குழந்தை சிகிச்சை மையத்தில், சிசேரியன் நடக்க மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், குழந்தை மருத்துவர், அறுவை அரங்கச் செவிலியர், இரத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டும். ஒரு மையத்தில் மருத்துவர் பணியிடம் 12, ஒவ்வொரு துறைக்கும் 4 என்று வைத்துக்கொள்வோம். மகப்பேறு மருத்துவர் 4 பேர், குழந்தை மருத்துவர் 3 பேர், மயக்க மருந்து மருத்துவர் 1. அறிக்கையில் 67 சதவீதம் நிரம்பியது என்று வரும். உண்மையில் அந்த ஒரு மயக்க மருந்து மருத்துவர் தூங்கும் நேரமெல்லாம் அறுவை அரங்கு பூட்டு. அங்கே ஐந்தாவது மகப்பேறு மருத்துவரை நியமித்தால் சதவீதம் ஏறும், ஒரு சிசேரியன்கூட அதிகமாகாது. ஆகவே ஒவ்வொரு சேவைக்கும் எது மிகக் குறைவோ அதைத்தான் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்: இந்த மையத்தில் மாதத்தின் 90 ஷிப்டில் எத்தனை ஷிப்டுக்கு முழுக் குழு இருந்தது? இந்த ஒரு கேள்விக்கான பதிலை எல்லா மையத்திலிருந்தும் மாதாமாதம் கேளுங்கள்.

இதில் கசப்பான முடிவு ஒன்றும் உண்டு. அருகருகே உள்ள இரண்டு மையங்களில் அரைகுறைக் குழுக்கள் இருப்பதைவிட, ஒன்றில் முழுக் குழுவை அமர்த்தி, மற்றதற்கு 108 வண்டியையும் உறுதியான பரிந்துரை ஏற்பாட்டையும் தருவது மேல். உள்ளூரில் எதிர்ப்பு வரும், சட்டமன்ற உறுப்பினர்கள் கேட்பார்கள். ஆனாலும் பெயர்ப்பலகையை நம்பி வந்து, இரண்டு மணி நேரம் இழந்து, பிறகு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்படும் தாயின் நிலை அதைவிடக் கொடியது. போக்குவரத்து கடினமான மலைப்பகுதிக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது.

மாற்றுப்பணி கணக்கை மேலும் குழப்புகிறது. சம்பளம் ஒரு நிலையத்தில், வேலை வேறொரு நிலையத்தில். முதல் நிலையம் 'நிரம்பியது' என்றே காட்டப்படும். இரண்டாவது நிலையத்தின் பற்றாக்குறையும் வெளியே தெரியாது. மூன்று மாதத்துக்கு மேல் நீளும் மாற்றுப்பணியைக் காலியிடமாகவே கணக்கிட வேண்டும். நகருக்கு அருகில் உள்ள நிலையங்களுக்கே இது பெரும்பாலும் இழுக்கிறது என்பது துறையில் யாரும் அறியாததல்ல.

ஆளெடுப்புக்கு ஆகும் காலத்துக்கு வருவோம். 1,021 உதவி மருத்துவர் பணியிடங்களுக்கு 2022 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. 2023 ஏப்ரலில் தேர்வு, வழக்குகளுக்குப் பிறகு 2024 பிப்ரவரியில் பணி ஆணை. அடுத்த சுற்றுக்கு 2024 மார்ச்சில் அறிவிப்பு, 2025 ஜனவரி 5-இல் தேர்வு, பிப்ரவரி இறுதியில் பணி ஆணை. அறிவிப்பிலிருந்தே ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஓராண்டு முதல் பதினாறு மாதம். அதற்கு முன் காலியிட மதிப்பீடு, நிதித் துறை இசைவு, அரசாணை, இனச்சுழற்சிப் பட்டியல், வாரியத்துக்குக் கோரிக்கை என்று இன்னும் பல மாதம். நாற்காலி காலியான பிறகு மதிப்பீட்டைத் தொடங்கினால் அது ஒன்றரை ஆண்டுக்குக் குறையாமல் காலியாகவே கிடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஆணை பெற்றும் சேராதவர்கள், சேர்ந்து சில மாதத்தில் மேற்படிப்புக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு மாற்றாகக் காத்திருப்போர் பட்டியல் ஓராண்டு உயிரோடு இருக்க வேண்டும்.

எதிர்பாராத காலியிடம் என்பது உண்மையில் குறைவு. ஓய்வு பெறும் நாள் பணியில் சேர்ந்த அன்றே தெரியும். ஓய்வு வயது 2020 மே மாதம் 59 ஆகவும், 2021 பிப்ரவரியில் 60 ஆகவும் உயர்த்தப்பட்டபோது, தள்ளிப்போன ஓய்வுகள் பின்னர் வந்தே தீரும் என்பது அன்றே தெரிந்தது. முதுநிலைப் படிப்புக்கு ஆண்டுதோறும் மருத்துவர்கள் விடுவிக்கப்படுவதும் தெரிந்ததே. பிறந்த தேதி, பணியிடம், விடுப்பு, சம்பளம் எல்லாம் 'களஞ்சியம்' எனும் நிதி மற்றும் மனிதவள மேலாண்மை அமைப்பில் இருக்கின்றன. அடுத்த 24 மாதத்தில் எந்த நிலையத்தில் எந்த மாதம் யார் ஓய்வு பெறுகிறார் என்ற பட்டியலை அதிலிருந்து எடுக்கலாம். அதை ஒவ்வோர் ஆகஸ்டிலும் எடுத்து, அக்டோபருக்குள் நிதித் துறையின் இசைவு, நவம்பரில் அறிவிப்பு, பிப்ரவரியில் தேர்வு, ஜூனில் பணியமர்வு என்று ஆண்டு நாட்காட்டி ஒன்றை அரசாணையாகவே வெளியிடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனியாக இசைவு கேட்கும் வழக்கத்தை நிதித் துறை கைவிட்டால், சில மாதம் அப்படியே மிச்சமாகும்.

மருந்தில் இதைச் செய்துகாட்டிய மாநிலம் இது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் கொடுத்து, மாவட்டக் கிடங்கில் இருப்பு குறைவதைப் பார்த்து, தீரும் முன்பே கொள்முதல் செய்கிறது. பாராசிட்டமால் இருப்புக்குத் தரும் கவனத்தை மயக்க மருந்து மருத்துவர் இருப்புக்கும் தர வேண்டும்.

கட்டடத்துக்கு ஒரு கோப்பு, ஆளுக்கு வேறொரு கோப்பு என்பதும் மாற வேண்டும். 2022 ஜனவரி 12-இல் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. அவை தேவைதான். ஆனால் பேராசிரியரை உருவாக்க முதுநிலைப் படிப்புக்குப் பிறகும் பல ஆண்டு ஆகும். 2025-இல் மாநிலத்தின் பெரும்பாலான அரசு மருத்துவக் கல்லூரிகளிடம் தேசிய மருத்துவ ஆணையம் குறைபாடுகள் குறித்து விளக்கம் கேட்டது. ஆசிரியர் பற்றாக்குறை அதில் முக்கியமானது. 708 நகர்ப்புற நலவாழ்வு மையங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு சுகாதார ஆய்வாளர், ஓர் உதவியாளர். மருத்துவர் விடுப்பில் போனால் அன்று மையத்தில் மருத்துவம் இல்லை. பத்து மையங்களுக்கு இரண்டு மாற்று மருத்துவர் என்ற ஒப்பளிப்பு முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டும். இவற்றுக்குப் பணம் தரும் 15-ஆவது நிதிக்குழுவின் சுகாதார மானியக் காலம் 2025–26 நிதியாண்டு வரைதான் என்பதால், இத்தகைய மையங்களின் சம்பளம் மாநிலத்தின் நிலையான செலவுத் தலைப்புக்குள் வருமா என்பதையும் தெளிவாக அறிவியுங்கள். ஒப்பந்தம் எப்போது முடியுமோ என்ற நிலையில் வேலை செய்பவர் வேறு இடம் கிடைத்ததும் போய்விடுவார், அவருக்குத் தந்த பயிற்சியும் கூடவே போய்விடும். திறமையான பிரசவ உதவிப் பயிற்சி மட்டுமே 21 நாள்.

கிராம சுகாதாரச் செவிலியர் பற்றி ஒரு சொல். துணை சுகாதார நிலையம் ஒன்றுக்குச் சமவெளியில் 5,000 மக்கள் என்பது அளவு. பக்கத்து நிலையம் 'கூடுதல் பொறுப்பு' ஆனால் 10,000. புதன்கிழமைத் தடுப்பூசியும் கர்ப்பிணிகளுக்கான பிக்மி இணையப் பதிவும் எப்படியாவது நடந்துவிடும். அவை அறிக்கையில் வருபவை. கைவிடப்படுவது பிரசவத்துக்குப் பின் வீடு தேடிப் போய்ப் பார்ப்பது. கூடுதல் பொறுப்பு ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வையுங்கள்.

செலவு கூடும் என்று நிதித் துறை சொல்லும். கூடத்தான் செய்யும். அதைக் குறைத்துக் காட்ட நாங்கள் விரும்பவில்லை. 24 மணி நேரச் சேவை என்று அறிவித்தபோதே மக்களுக்கு வாக்களித்த செலவு அது.

எல்லா மாவட்டத்திலும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. மலையும் சமவெளியும் கலந்த ஒரு மாவட்டத்தை, சேலத்தையோ திண்டுக்கல்லையோ, முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள ஒவ்வொரு நிலையத்துக்கும் கடந்த மூன்றாண்டு விடுப்புப் பதிவை வைத்துத் தேவையான ஷிப்ட், கிடைத்த ஷிப்ட், முழுக் குழு இருந்த ஷிப்ட் என்று மூன்று எண்களைக் கணக்கிடுங்கள். அந்த இடைவெளிக்கு ஏற்ப மாவட்ட விடுப்பு இருப்புப் பணியிடங்களை அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே ஒப்பளியுங்கள். மூன்று எண்களையும் நிலையத்தின் பெயரோடு மாதந்தோறும் துறையின் இணையதளத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரப் பணியாளர் திட்டமிடலில் அக்கறை கொண்டோர்