நீராவி உருண்டைக்கு அரைப் பக்கம், பம்புக்கு ஒரு வரி கூட இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஞாயித்துக்கிழமை இணைப்புல பழங்கால கண்டுபிடிப்புகள் பத்தின கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா எகிப்து அலெக்ஸாண்ட்ரியாவுல இருந்த கிரேக்கப் பொறியாளர் ஹெரானோட, நீராவி பீறிட்டு சுத்துற உருண்டைக்கு அரைப் பக்கம் படம் போட்டுட்டு அந்தக் காலத்து மெஷின் எல்லாமே வெறும் விளையாட்டு சாமான்ங்கிற மாதிரி முடிச்சுட்டீங்க, அதத்தான் ஒத்துக்க முடியல. உருண்டை விளையாட்டுதான், சரி. அதே ஊர்ல ஹெரானுக்கு ரொம்ப முன்னாடியே, கி.மு. 3-ம் நூற்றாண்டுல, டெசிபியஸ்னு ஒருத்தர் பண்ணின பம்ப ஏன் விட்டீங்க?

அவரு முடிதிருத்துறவர் மகன். அப்பா கடை கண்ணாடிய சுலபமா ஏத்தி இறக்க ஒரு ஈயக்குண்ட கயித்துல கட்டி குழாய்க்குள்ள விட்டிருக்காரு, குண்டு வேகமா இறங்குறப்ப உள்ள இருந்த காத்து நெருக்கப்பட்டு வெளிய பீறிட்டு சத்தம் போட்டுச்சாம், ரோமாபுரி கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதி வச்சிருக்காரு. வேற யாரா இருந்தாலும் சத்தத்த நிறுத்த வழி பாத்திருப்பாங்க, இவரு அதுலருந்து, தண்ணி அழுத்தத்துல காத்த ஊதி குழாய்கள ஒலிக்க வைக்கற ஆர்கன் வாத்தியம் வரைக்கும் போயிட்டாரு.

பம்புல வெண்கல சிலிண்டர் ரெண்டு, மேல ஒரு நீளத் தண்டு, ஒரு பிஸ்டன் ஏறுனா இன்னொண்ணு இறங்கும். ஏறுறப்ப அடி வால்வு தொறந்து தண்ணி உள்ள வரும், இறங்குறப்ப அது மூடிக்கும், தண்ணி நடு அறைக்குப் போயி மேல ஏறும், அங்கயும் வால்வு இருக்கறதால திரும்பி வராது. நம்ம அடிபம்புல விட்டு விட்டு கொட்டுமே, அப்படி இல்லாம விடாம வரும். பிஸ்டன லேத்துல கடைஞ்சு எண்ணெய் போடணும்னு கூட விட்ருவியஸ் சொல்றாரு. நான் லேத்து பட்டறை வச்சிருக்கறவன், கசியாம பிஸ்டன் ஓட வைக்கறது கரண்ட் மெஷின்லயே எவ்ளோ பாடுன்னு எனக்குத் தெரியும், அவங்க கையாலயே பண்ணிருக்காங்க.

இத வச்சு தீ அணைக்கறது எப்படின்னு ஹெரானே எழுதிருக்காரு, குழாய் முனைய எந்தப் பக்கமும் திருப்பிக்கலாம். ஸ்பெயின்ல ஒரு ரோமானிய சுரங்கத்துல கிடைச்ச வெண்கல பம்பு இன்னைக்கும் மாட்ரிட் மியூசியத்துல இருக்கு, விளையாட்டு சாமான யாருங்க சுரங்கத்துக்குள்ள தூக்கிட்டுப் போவாங்க?

அடுத்த இணைப்புல டெசிபியஸ் பத்தி எழுதுங்க. உருண்டை அளவுக்கு வேணாம், ரெண்டு சிலிண்டரும் வால்வும் தெரியுற மாதிரி கால் பக்கப் படம் போதும், எங்க பட்டறை பசங்களுக்குக் காட்டணும்.

- லேத்து பட்டறைக்காரன், கோயம்புத்தூர்